லேப்ல இருந்த பழைய டப்பாவும் என் விசாவும்

இல்ல மாப்பிள்ளை, நீங்க சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். லேப் கம்ப்யூட்டருக்கெல்லாம் இன்டர்நெட் லைன் மாத்துனதால வேகம் வரல. லைனை மாத்தி ரொம்ப நாளா அது சுவத்துக்குள்ள சும்மாதான் கெடந்துச்சு. வேகம் வந்தது, நான் அந்த டப்பாக்களுக்குப் பின்னாடி குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு புடிச்சதால. "பழைய மெஷின்ல என்னத்த அத்தை வேகம் வரப்போகுது"ன்னு இட்லியப் பிட்டுக்கிட்டே சொல்லிட்டீங்க. நீங்க பேங்க்ல வேலை பாக்குறவரு. கம்ப்யூட்டர் மெதுவாப் போனா போனைத் தூக்கி ஐ.டி.காரனைத் திட்டுவீங்க. அந்த ஐ.டி.காரன் நாந்தான் மாப்பிள்ளை, வேற கட்டடத்துல.

பள்ளிக்கூட லேப்ல வேலை பாக்குறதுன்னா, ஆளாளுக்குக் குத்தம் சொல்ற பெட்டிக்கு வக்கீலா நிக்கிறது. கேஸ் தினம் வரும், ஜெயிச்சா யாரும் கைதட்ட மாட்டாங்க. லேப்லயும் சர்வர் ரூம்லயும் காலத்தக் கழிச்ச என் இனத்துக்காரங்க இதைப் படிச்சாத் தலையாட்டுவீங்க. அதனால மாப்பிள்ளைகிட்டச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். அவரு பாதியிலயே போனைப் பாக்கப் போயிட்டாரு.

ஷார்ஜாவுல ஒரு பள்ளிக்கூடத்துல நான் லேப் இன்சார்ஜ். வீடு அஜ்மான். எங்க லேப்ல இருக்கிறது எல்லாம் சின்ன டெஸ்க்டாப். டிபன் பாக்ஸ் தண்டிதான் இருக்கும், மானிட்டர் முதுகுல ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும். வாங்குனப்பப் பெருமையா வாங்குனாங்க, இப்ப வயசாயிருச்சு. எனக்கும்தான். போன வருஷம் பரீட்சையெல்லாம் ஆன்லைன்னு ஆயிருச்சு. ஒவ்வொரு மெஷின்லயும் இம்புட்டு வேகம் காட்டணும், இல்லாட்டி உங்க பள்ளிக்கூடம் சென்டர் கிடையாதுன்னு பரீட்சை நடத்துறவங்க சொல்லிட்டாங்க.

எங்க அட்மின் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரரு. திட்டுறதைக்கூட மரியாதையாத் திட்டுவாரு. என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாரு. எனக்கு அறுபது தாண்டிருச்சு, இனிமே விசாவப் புதுப்பிக்கிறது மேனேஜ்மென்ட் மனசு. லேப் பாஸானாப் புதுப்பிக்கலாம், இல்லாட்டி கலாஸ், கணக்கு முடிஞ்சுது. என் விசாவுலதான் எங்க வீட்டுக்காரரும் இருக்காக. அவுக கம்பெனிய இழுத்து மூடுனதுலருந்து அப்படித்தான். நாங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டா பேத்தி யாழினிய யாரு பாக்குறது? எம்மக கவிதாவுக்கு ஆஸ்பத்திரியில ஷிப்ட் டூட்டி. நர்சரி விட்டதுலருந்து அவ வர்ற வரைக்கும் புள்ள எங்ககிட்டதான். மாப்பிள்ளை விசாவுல எங்களைச் சேக்கலாமான்னா, அதுக்கு வீடு பெருசா இருக்கணும், சம்பளமும் பெருசா இருக்கணும். ஆகமொத்தம் பேத்தி என் மடியில இருக்கணும்னா அந்த டப்பா ஓடணும். எந்திரிக்கும்போது மேனேஜர் சொன்னாரு: "மேடம், புதுசு மட்டும் கேட்டறாதீங்க, இருக்கறதை வச்சே ஓட்டிக் காட்டுங்க, உங்களால ஆகுமுங்க."

எட்டுல நாலு

மொதல்ல ஒவ்வொரு டப்பாவா உக்காந்து ஸ்பீடு பாத்தேன், எம்.பி.பி.எஸ். கணக்குல. எல்லாம் ஒரே எடத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. நூறு. அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கல. டப்பாவுல வயர் சொருகுற எடம் ஆயிரம் வரைக்கும் தாங்கும், பழசுன்னாலும் அதுல பழுது இல்ல. எல்லா வயரும் வந்து சேர்ற நெட்வொர்க் சுவிட்சும் புதுசு. ஒரு மெஷின் நூறுல நின்னா அது அந்த மெஷினோட நோவு. எல்லா மெஷினும் நூறுல நின்னா, அது யாரோ போட்டு வச்ச சட்டம். சுவத்துல இருந்த மூடியக் கழட்டிப் பாத்தேன். உள்ள வர்றது ஒரு கேபிள், வெளிய போறது ரெண்டு. கேபிளுக்குள்ள எட்டுக் கம்பி இருக்கும். எட்டும் சேந்தாத்தான் ஆயிரம், நாலு மட்டும்னா நூறு. யாரோ ஒரு கேபிளைக் கிழிச்சு இந்த மெஷினுக்கு நாலு, பக்கத்து மெஷினுக்கு நாலுன்னு பாகம் பிரிச்சிருக்காங்க. எங்க அஜ்மான் பில்டிங்குல ஒரு ரூமைப் பலகை அடிச்சு ரெண்டு குடும்பத்துக்கு விடுவாங்க பாருங்க, அந்த மாதிரி. குடியிருக்கலாம், கையக் கால நீட்ட முடியாது.

போட்டது யாருன்னு தேடுனா, நம்ம சேகர். மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் கம்பெனி ஆளு, பரமக்குடிப் பக்கம், தங்குறது சோனாப்பூர் லேபர் கேம்ப்ல. நல்ல பையன்னு சொல்ல வந்தேன், அவனுக்கும் நாப்பது ஆகுது. ஊர்ல வீடு கட்டுனான். லீவு கிடைக்கல. கிரகப்பிரவேசத்தை ஏணி மேல நின்னுக்கிட்டே போன்ல பாத்திருக்கான். படம் நின்னு நின்னு வந்துச்சாம். ஐயரு வந்தது தெரிஞ்சுச்சு, மாமியார் அழுதது தெரிஞ்சுச்சு, பால் பொங்குற நேரம் பாத்துச் சக்கரம் சுத்திருச்சாம். அது வேற கதை, விடுங்க. "ஏன்டா இப்படிப் பண்ணுன"ன்னு நான் கேட்டப்ப அவன் ஏணிய விட்டு எறங்காமலே சொன்னான்: "சூப்பர்வைசரு ரெண்டு ரோல் கேபிள்தாம்மா குடுத்தாரு, பத்தலைன்னு சொன்னா எனக்குத்தான் ஏச்சு விழும், எட்டுல நாலு சும்மாதான கெடக்குதுன்னு பங்கு போட்டேன், எல்லா லைட்டும் பச்சையா எரிஞ்சுச்சுல்ல."

போட்டோவுக்கு வயர் ஆகாது

அம்புட்டுக் கேபிளையும் மறுபடி இழுத்தோம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, லேப் சும்மா இருக்கிற நாளாப் பாத்து, அவன் ஏணி மேல, நான் மேசைக்குக் கீழ. இந்த வயசுல மேசைக்குக் கீழ போறது கஷ்டமில்ல, திரும்ப வர்றதுதான். கடைசியில ஒவ்வொரு டப்பாவும் தொள்ளாயிரத்தைத் தொட்டுச்சு. சேகருக்கு வீட்டுலருந்து லெமன் சாதம் கொண்டுபோயிருந்தேன். எங்க வீட்டுக்காரரு கிண்டுனது. அவுக வேலையில இருந்தப்பச் சமையக்கட்டுப் பக்கம் தலை வச்சுப் படுத்ததில்ல, இப்ப எனக்கு உப்பு அளவு சொல்லித் தர்றாக.

அடுத்த வாரம் பேரண்ட்ஸ் வந்து பாக்குற நாள், போட்டோவும் எடுப்பாங்க. எங்க கம்ப்யூட்டர் டீச்சர் பிரீத்தி, ஷார்ஜாவுல பொறந்து வளந்த புள்ள, கெட்டிக்காரி. நான் வர்றதுக்குள்ள அம்புட்டு வயரையும் புடுங்கிச் சுருட்டி அலமாரியில வச்சுட்டு, எல்லா மெஷினையும் வைஃபைல போட்டுருச்சு. கூரையில ஒட்டியிருக்கிற அந்த ஒரு வெள்ளைத் தட்டுதான் லேப் முழுக்க வைஃபை குடுக்கணும். கூடவே வந்த அப்பா அம்மாக்களோட போன் எல்லாம் சேந்துக்கிச்சு. மேனேஜர் கோட்டு போட்டுக்கிட்டு, "எங்க லேபைப் பாருங்க"ன்னு ஒரு டப்பாவத் தட்டுறாரு, சக்கரம் சுத்துது. அடுத்ததத் தட்டுறாரு, அதுலயும் சுத்துது. அவரு பிரீத்தியப் பாக்கல, என்னையத்தான் பாத்தாரு. அன்னைக்குச் சாயங்காலம் அலமாரியத் தொறந்து வயரை ஒண்ணொண்ணா எடுத்து நான் திரும்பச் சொருகுனப்ப, பக்கத்துல வந்து நின்னு அந்தப் புள்ள சொல்லுச்சு: "வயர் தெரிஞ்சா லேப் ரொம்ப ஓல்டா இருக்கு ஆன்ட்டி, பேரண்ட்ஸுக்கு ஸ்பீடெல்லாம் தெரியாது, லுக் மட்டும்தான் தெரியும்."

கறுப்பு ஓட்டை, நீல ஓட்டை

அதுக்கப்புறம் கடைசி வரிசையில கொஞ்சம் டப்பாவுக்கு வயர் சொருகுற எடமே செத்துப்போச்சு. புள்ளைக காலால இழுத்து இழுத்து உள்ள இருந்த பின்னெல்லாம் வளைஞ்சு கெடக்கு. அதுக்கு ஒரு வழி இருக்கு. யூஎஸ்பியில சொருகுற சின்ன அடாப்டர் வாங்கி, அது வாயில வயரைக் குடுத்துட்டா டப்பா பொழைச்சுக்கும். மேனேஜர்கிட்ட என்ன வாங்கணும்னு சொன்னேன். அவரு அதுலயும் விலை கம்மியானதாப் பாத்து வாங்கிட்டு வந்தாரு. அட்டைப்பெட்டியில ஆயிரம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. சொருகிப் பாத்தா முந்நூறு சொச்சம்.

 அன்னைக்கு வீட்டுல பேத்திக்கு வேற காய்ச்சல். அவ காய்ச்சல் வந்தா அவுக அம்மாவத் தேட மாட்டா, என் சேலை முந்தானையத்தான் தேடுவா. அதை விடுங்க. குனிஞ்சு பாத்தா, அடாப்டரை முன்னாடி இருக்கிற கறுப்பு யூஎஸ்பி ஓட்டையில சொருகியிருக்கு. அந்தப் பழைய டப்பாவுல கறுப்பு ஓட்டை மெதுவா ஓடும், பின்னாடி உள்ள நீலந்தான் வேகம். பின்னாடி கை போகாதுன்னு எல்லாரும் முன்னாடியே சொருகுவாங்க. உங்க வீட்டுலயும் பாத்துக்கங்க. நீலத்துல மாத்துனதும் பாதி டப்பா மேல ஏறிருச்சு. மிச்சப் பாதி எதுல சொருகுனாலும் ஏறல. அந்த அடாப்டர்களை ஒரு பையில கட்டிக்கிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் ரோலா கடைத்தெருவுக்குப் போனோம். கூட வந்தவுக வழியில வாழைப்பூவைப் பாத்துட்டு, பில் எங்க வச்சீகன்னு நான் கேக்குறது காதுலயே விழாம நின்னுட்டாக. கடைக்காரரு கீழக்கரைக்காரரு, டீ வரவழைச்சுக் குடுத்து, ஒண்ணை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னாரு: "அம்மா, அட்டையில போட்டிருக்கிறது அட்டையோட ஸ்பீடும்மா, உள்ள இருக்கிற சாமானுக்கு அது தெரியாது."

லீவுல ஏசி

கோடை லீவுல பள்ளிக்கூடத்தைப் பூட்டிருவாங்க. இங்க வெளிய நடந்தா செருப்பு ஒட்டுற வெயில். நான் போகும்போதே மேனேஜர்கிட்டச் சொன்னேன், லேபுக்கு மட்டும் ஏசி கொஞ்ச நேரமாவது ஓடட்டும், ஜன்னலைச் சரியா அடைக்கச் சொல்லுங்கன்னு. லீவு முடிஞ்சு வந்து கதவைத் தொறந்தா அடுப்பங்கரையில நொழைஞ்ச மாதிரி அனல் அடிக்குது. மேசையில விரலை வச்சாப் பேரெழுதலாம், அம்புட்டு மணல்.

ஸ்பீடு டெஸ்ட் போட்டா மொதல்ல நல்லா ஏறுது, கொஞ்ச நேரத்துல சறுக்கி விழுந்துருது. மாப்பிள்ளை மாதிரி ஆளுங்க இந்த எடத்துல "பழசாயிருச்சு"ன்னு சொல்லித் தூக்கிப் போட்டுருவாங்க. டப்பாவத் தொறந்து பாத்தா உள்ள இருக்கிற குட்டி ஃபேன்ல கோலமாவு அப்புன மாதிரி தூசி. மூச்சு விட முடியாம சூடாகி, சூட்டுக்குப் பயந்து டப்பா தானே வேகத்தைக் குறைச்சுக்குது. நம்மளும் அப்படித்தான, வெயில்ல யாரு ஓடுறா. ஒண்ணு ஒண்ணாக் கழட்டி, பிரஷ்ஷால தட்டி, கையில புடிக்கிற ப்ளோயரை வச்சு ஊதுனேன். அப்படியே செட்டிங்ல போயி, கரண்டு மிச்சம் புடிக்கிறேன்னு நெட்வொர்க் கார்டைத் தூங்க வைக்கிற டிக்கையும் எடுத்து விட்டேன். அதுக்கப்புறம் சறுக்கல. எனக்குத்தான் ஒரு மாசம் இருமல். மேனேஜர் வந்தாரு, நான் மூக்குல துணி கட்டிக்கிட்டு இருக்கிறதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு: "புள்ளைங்க இல்லாத ரூமுக்கு ஏசி எதுக்குங்க மேடம், மெஷினுக்கு என்ன வேர்க்கவா போகுது?"

பாஸ்

பரீட்சை நடத்துறவங்ககிட்டருந்து ஒருத்தரு பாக்க வந்தாரு. சின்ன வயசு, ஷூ சத்தம் கேக்காம நடக்குறாரு. ஒவ்வொரு டப்பாவா உக்காந்து டெஸ்ட் போட்டாரு. நான் ஓரமா நின்னு, கடைசி வரிசையையே பாத்துக்கிட்டிருந்தேன். அந்த அடாப்டர் போட்ட டப்பாவுக்கு வந்தப்ப, எங்க குலசாமியவும் கூப்பிட்டேன், அந்தக் கீழக்கரைக்காரரு மாத்திக் குடுத்த சாமானையும் நம்புனேன். எல்லாம் ஏறுச்சு. ஒண்ணு விடாம.

அவரு எந்திரிச்சு, அந்த டப்பாவத் தட்டிப் பாத்துட்டு, யாரு பண்ணுனதுன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மேனேஜர் எங்க மேனேஜ்மென்ட்டு, எங்க திட்டம்னு ஆரம்பிச்சுட்டாரு. நான் குறுக்க பேசல. பேரு யாருக்குப் போனா என்ன, விசா எனக்கு வந்தாப் போதும்னு நெனச்சேன். வந்தவரு கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, நான் ஏதோ டீ குடுக்க நிக்கிற ஆளுன்னு நெனச்சாரோ என்னமோ, ரொம்பப் பிரியமாச் சொன்னாரு: "புது மெஷின் வச்சிருக்கிற எடத்துலகூட இவ்வளவு வரல மேடம், நீங்க ஒரு நல்ல மேனேஜ்மென்ட்டுகிட்ட வேலை பாக்குறீங்க."

தானா ஓடுது

பரீட்சை நடந்துச்சு. ஒரு மெஷினும் நிக்கல, ஒரு புள்ளையும் கையத் தூக்கல. அதுக்கப்புறம் லேபுக்குள்ள யாரும் என்னையக் கூப்பிடவே இல்ல. எனக்கு அதுல சந்தோஷம்தான், நம்ம வேலை அதான. வீட்டுல பேத்திக்கு அடுத்த வருஷத்துக்கு யூனிபார்ம் தைக்கத் துணிகூட எடுத்து வச்சுட்டேன்.

மேனேஜர் கூப்பிட்டாரு. இந்தத் தடவையும் உக்காரச் சொன்னாரு. நல்லாப் பண்ணுனீங்கன்னு சொன்னாரு, அதைச் சொல்லும்போது மேசையில இருந்த பேனாவப் பாத்துச் சொன்னாரு. நான் ரினியூவலைப் பத்திக் கேட்டேன். நீங்கதான சொன்னீக, லேப் பாஸானான்னு. ஆமான்னாரு. அந்தப் பேனாவ எடுத்துப் பையில சொருகிட்டு வெளிய சொல்லிட்டாரு: "மேடம், லேப் இப்பத் தானாவே ஓடுதுங்க, மிச்சத்தப் பிரீத்தி பாத்துக்கறேன்னு சொல்லிருச்சு, தானா ஓடற லேபுக்கு எதுக்கு ஒரு இன்சார்ஜ்னு மேல கேக்கறாங்க, அதுக்கு நான் என்னங்க பதில் சொல்லட்டும்?"

சாவி கையில இருந்துச்சு

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன. அன்னைக்கு லேப் சாவி என் கையிலதான் இருந்துச்சு. உள்ள போயி நின்னேன். எந்த மூடிக்குப் பின்னாடி எந்தக் கம்பின்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கம்பியத் தளத்தி விட்டாப் போதும், பச்சை லைட்டு எரியும், வேகம் நூறுல வந்து உக்காந்துரும், பிரீத்தி ஆயுசுக்கும் கண்டுபுடிக்காது. ஒரு மூடியக் கழட்டவும் செஞ்சேன். அடுத்த வாரம் பெரிய வகுப்புக்கு இன்னொரு பரீட்சை இருந்துச்சு. அந்தப் புள்ளைக எனக்கு என்ன பண்ணுச்சு? மூடியத் திரும்ப மாட்டிட்டு, சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். சேகர் கேட் பக்கம் பாத்துட்டு, "என்னம்மா, சீக்கிரமாக் கிளம்பிட்டீங்க"ன்னான். வேலை முடிஞ்சிருச்சுப்பான்னு சொன்னேன்.

வீட்டுல எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன், அவுக அடுப்பைச் சிம்முல வச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்தாக. கவிதா அழுதா. சாயங்கால நேரம் பாத்துக்குற எடத்துக்குப் போன் போட்டு விசாரிக்க ஆரம்பிச்சுட்டா. பேத்திகிட்ட யாரு சொல்றதுன்னு ஆளாளுக்கு மூஞ்சியப் பாத்தோம். கடைசியில நாந்தான் சொன்னேன், தாத்தாவும் பாட்டியும் ஊருக்குப் போறோம்டா, இனிமே அங்கதான் இருப்போம்னு. அவ அழுவான்னு நெனச்சு மடியத் தயாரா வச்சிருந்தேன். அவ கார்ட்டூன்லருந்து கண்ண எடுக்காமலே சொன்னா: "ஓகே பாட்டி, நீங்க டேப்ல வீடியோ காலுக்கு வாங்க, நான் டாடா காட்டுறேன்."

பழைய டெஸ்க்டாப்பை எப்படி வேகமாக்குறதுன்னு எவராவது உங்ககிட்டக் கேட்டா, எட்டுக் கம்பியும் சேத்துப் போடுங்க, நீல ஓட்டையில சொருகுங்க, தூசியத் தட்டுங்க, ஆனா பாஸ்போர்ட்டுல புது விசா ஏறுற வரைக்கும் ஒரே ஒரு வயரை மட்டும் லேசாத் தளத்தி வச்சுக்கங்க. ஏங்க, அடுப்பை அணைச்சுட்டு, பால்கனியில கெடக்குற அந்தப் பெரிய சூட்கேஸை ஈரத்துணியால ஒரு தொடை தொடச்சு உள்ள கொண்டாங்க.